பழைய இரும்பும் புதிய வாளும்

மொறட்டுவையில் ஒரு தளபாடப் பட்டறையின் பின்கொட்டிலில், சாக்கால் மூடி வைக்கப்பட்டிருந்த, மரம் அறுக்கும் பட்டி வாள் இயந்திரம் ஒன்றின் முன்னால் சென்ற வருடம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் நின்றேன். அதன் மேற்சக்கரத்தைக் கையால் சுழற்றினேன், விட்டுவிட்டுக் காத்திருந்தேன், அது எத்தனை சுற்று ஓடி, எப்படி நிற்கிறது என்று பார்த்தேன். பட்டறைக்காரர் பொறுமையாக அருகில் ஒரு வாங்கில் இருந்தார். "மல்லி (தம்பி), இவ்வளவு பார்த்து ஒருவரும் வாங்குவதில்லை" என்று சிங்களத்தில் சொன்னார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு இவ்வளவு பார்க்காமல் ஒரு இயந்திரத்தை வாங்கி, அதன் பலனை அனுபவித்துக்கொண்டிருந்தவன் நான். அந்த இரண்டு கொள்வனவுகளுக்கும், இடையில் புதிதாக வாங்கிய ஒரு வட்டவாள் மேசைக்கும் பின்னால் இருந்த யோசனைகளை, இதே தெரிவின் முன் நிற்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

தெஹிவளையில் எங்கள் வீட்டுக் கார் கராஜ், பத்து அடி அகலமும் பதினெட்டு அடி நீளமும் கொண்டது, அப்பாவின் கார் விற்கப்பட்ட பிறகு வெறுமையாகக் கிடந்தது. புத்தக அலுமாரி, சாப்பாட்டு மேசை, சாமியறை மாடம் என்று தெரிந்தவர்கள் கேட்பதைச் செய்துகொடுக்கும் அளவுக்கு ஒரு பட்டறையை அங்கே அமைப்பதென்று முடிவு செய்தேன். அதற்கு நான்கு இயந்திரங்கள் தேவைப்பட்டன: பலகையைக் கிழிக்கும் வட்டவாள் மேசை, வளைவுகளுக்கும் தடித்த கட்டைகளைப் பிளப்பதற்கும் பட்டி வாள், பலகையின் ஒரு முகத்தை நேராக்கும் சேர்பஸ் பிளேனர், மறுமுகத்தை அதற்கு இணையாகச் சீவிக் கனத்தைச் சமமாக்கும் திக்னஸ் பிளேனர். நான்கையும் புதிதாக வாங்கும் பணம் என்னிடம் இருக்கவில்லை. நான்கையும் பழையதாகத் தேடும் காலமும் இருக்கவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது.

புதிய இயந்திரங்களின் விலை எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த பெறுமதி, மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்குச் சரிந்தது. பின்னர் ஓரளவு மீண்டாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2019 இறுதியில் 8 சதவீதமாக்கப்பட்ட பெறுமதி சேர் வரி, படிப்படியாக ஏறி 2024 ஜனவரி 1ஆம் திகதி 18 சதவீதமாயிற்று. மரவேலை இயந்திரம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் பொருள் என்பதால் இரண்டு பாரங்களும் ஒன்றாக அதன் மேல் விழுந்தன. பழைய சோனகத் தெருவில் கடை கடையாக ஏறி விலை கேட்ட நாளன்று, வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது, என் கையிருப்பு ஒன்றரை இயந்திரத்துக்கு மேல் போதாது என்று கண்டேன்.

பழையவை கொழும்பில் இரண்டு வழிகளில் கிடைக்கின்றன. ஒன்று, ஜப்பானில் பாவித்துக் கழிக்கப்பட்டு, கொள்கலனில் வந்து இறங்கும் 'ரீகண்டிஷன்' இயந்திரங்கள். மற்றையது, இங்கேயே பட்டறையை மூடுபவர்களும் நாட்டை விட்டுப் போகிறவர்களும் விற்பவை. இரண்டாவது வகையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த இடத்திலேயே அதைப் பார்க்கலாம், ஓட்டியவரோடு பேசலாம், இங்குள்ள மின்சாரத்தில் அது ஏற்கெனவே ஓடியிருக்கிறது என்பதும் உறுதி. முதலாவது வகையில் இந்த மூன்றும் இல்லை. நான் முதலில் போனது முதலாவது வகையிடம்.

வாங்கியது ஒரு ஜப்பானிய திக்னஸ் பிளேனர். பச்சைப் பெயின்ட் மின்னியது, உருளைகளின் ரப்பர் நல்ல நிலையில் இருந்தது, கத்திகள் கூராக இருந்தன, விலை அதே அகலமுள்ள புதிய ஒன்றின் விலையில் பாதிக்கும் சற்றுக் குறைவு. விற்றவர் எந்த வீட்டிலும் ஓடும் என்றார். மோட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறு தகட்டை நான் வாசிக்கவில்லை. லொறியில் ஏற்றி வந்து, கராஜில் இறக்கி, மறுநாள் மின்வேலை செய்பவர் வந்து பார்த்தபோதுதான் அது 200 வொல்ட், 60 ஹேர்ட்ஸ், மூன்று கட்ட (த்ரீ பேஸ்) மோட்டர் என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் இருப்பது 230 வொல்ட், 50 ஹேர்ட்ஸ், 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு. மூன்று எண்களில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

ஜப்பானிய இயந்திரம் தேடுகிறவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இதுவாகையால் சற்று விளக்குகிறேன். அந்த நாட்டில் வீட்டு மின்சாரம் 100 வொல்ட், பட்டறை மின்சாரம் 200 வொல்ட் மூன்று கட்டம். அதற்கு மேலாக, நாட்டின் கிழக்குப் பாதி 50 ஹேர்ட்ஸிலும் மேற்குப் பாதி 60 ஹேர்ட்ஸிலும் இயங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாக்கா அமெரிக்காவிலிருந்தும் மின்பிறப்பாக்கிகளை வரவழைத்ததன் விளைவு இன்றுவரை தொடர்கிறது. கார்பன் பிரஷ் உள்ள சிறு மோட்டராக இருந்தால் ஹேர்ட்ஸ் ஒரு பொருட்டல்ல, 100 வொல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்போமர் ஒன்று போதும். ஆனால் அது 1,500 வொட் இயந்திரத்தின் தொடக்க இழுவையைத் தாங்கும் பருமனில் இருக்க வேண்டும், வானொலிப் பெட்டிக்கு விற்கும் சிறியதை மாட்டினால் சில நிமிடங்களில் கருகும். பிரஷ் இல்லாத தூண்டல் மோட்டராக இருந்தால் நிலைமை வேறு. 60 ஹேர்ட்ஸ் மோட்டரை 50 இல் ஓட்டினால் அதன் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறைகிறது. 1,800 சுற்று என்று கணக்கிட்ட இடத்தில் 1,500 சுற்றுத்தான் கிடைக்கும். வொல்ட்டையும் அதே விகிதத்தில் குறைக்காவிட்டால் மோட்டர் அளவுக்கு மீறிச் சூடாகும்.

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. மூன்று கட்ட இணைப்புக்கு விண்ணப்பித்து, அதற்குப் பிறகும் 400 வொல்ட்டை 200 ஆக இறக்கும் டிரான்ஸ்போமர் தேடுவது ஒன்று. ஒற்றைக் கட்டத்தை வாங்கி மூன்று கட்டமாகக் கொடுக்கும் மின்னணு மாற்றி ஒன்றைப் பொருத்துவது மற்றையது. மோட்டர் இன்வேட்டர் என்று கடைக்காரர்கள் சொல்வது அதைத்தான். இரண்டாவதைத் தெரிந்தேன். அந்த மாற்றியில் 200 வொல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று தகட்டில் உள்ள எண்களையே பதிந்துவிடலாம் என்பதால் மோட்டர் தான் பிறந்த ஊரில் ஓடியது போலவே ஓடுகிறது. இதற்கு ஐந்து வாரமும், இயந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான செலவும் ஆயின. லொறிக் கூலி, ஏற்றி இறக்கியவர்களின் கூலி, மின்வேலைக் கூலி எல்லாவற்றையும் கூட்டியபோது புதிய ஒன்றின் விலையில் பத்தில் எட்டுப் பங்கைத் தாண்டிவிட்டது. புதியதென்றால் அதே நாளில் செருகி ஓட்டியிருப்பேன். ஒரு வருட உத்தரவாதமும் இருந்திருக்கும். அந்த ஐந்து வாரத்தில் மகோகனியில் ஒரு சாப்பாட்டு மேசைக்குச் சொல்லியிருந்தவர், பொறுத்திருக்க இயலாமல் வேறிடத்தில் செய்வித்துக்கொண்டார். இந்த இயந்திரம் இன்று நன்றாகவே வேலை செய்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. குறை, அந்தத் தகட்டை வாசிக்க எடுத்திருக்கக்கூடிய அரை நிமிடத்தில் இருக்கிறது.

அதன் பிறகு கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமாவிடம் போனேன். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியான அவர் இரத்மலானைப் பக்கத்துத் தளபாடப் பட்டறைகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். நான் விலைகளை அடுக்கிக்கொண்டு போனதை இடைமறித்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, முதல் இரும்பைப் பார். மோட்டர் மாத்தலாம், பெயரிங் மாத்தலாம், பெல்ட்டும் மாத்தலாம். வார்ப்பு வளைஞ்சு கிடந்தா ஒண்டும் செய்யேலாது." என் கேள்வி அங்கேதான் வேறு வடிவம் பெற்றது. இந்த இயந்திரத்தில் தேயக்கூடியது எது, தேய்ந்ததை நான் மாற்றக்கூடுமா, அதன் பெறுமதி எந்தப் பாகத்தில் தங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கினேன். நான்குக்கும் ஒரே விடை வரவில்லை.

பட்டி வாளின் பெறுமதி அதன் சட்டத்திலும் இரண்டு சக்கரங்களிலும் இருக்கிறது. சட்டம் இறுக்கத்துக்கு வளையாமல் நிற்க வேண்டும், சக்கரங்கள் ஆட்டமின்றி ஒரே தளத்தில் சுழல வேண்டும். மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும். நாள் முழுவதும் ஓடும் பட்டறைக்காக அந்தக் காலத்தில் வார்த்த சட்டத்தின் கனத்தை, இன்று என் பணத்துக்குள் அடங்கும் புதிய பட்டி வாள்களில் நான் காணவில்லை. எனவே மொறட்டுவைக் கொட்டிலில் நான் முதலில் செய்தது, சட்டத்தின் மூலைகளில் பெயின்டைச் சுரண்டிப் பார்த்ததுதான். வார்ப்பிரும்பு வெடித்தால் அதை ஒட்டுவது கடினம். ஒட்டிய தழும்பை மறைப்பதற்குத் தடித்த பெயின்ட் பூசுவது வழக்கம். தழும்பு இருக்கவில்லை. பிறகு இரண்டு சக்கரங்களின் முகத்திலும் படும்படி ஒரு நீண்ட நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தேன். மேசையின் மீது அதையே குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் 0.10 மில்லிமீற்றர் தகடு நுழைகிறதா என்று தேடினேன். நடுவில் ஓரிடத்தில் நுழைந்தது. பட்டி வாளுக்கு அது பாதகமில்லை, சேர்பஸ் பிளேனராக இருந்தால் திரும்பி வந்திருப்பேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டபோது கீழிருந்து ஒரு கரகரப்பு வந்தது. அது பெயரிங், அதாவது அச்சைத் தாங்கிச் சுழலவிடும் குண்டு வளையம்.

பெயரிங் கெட்டிருப்பதை ஒரு குறையாகக் கருதித் திரும்பிவிடுகிறவர்கள் பலர். நான் அதை விலையைக் குறைத்துக் கேட்பதற்குரிய நியாயமான காரணமாகவே எடுத்துக்கொண்டேன். அதன் விளிம்பில் 6204 என்று பொறித்திருந்தது. உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீற்றர் என்று உலகம் முழுவதும் ஒரே அளவாகச் செய்யப்படும் சாதாரணப் பொருள் அது. பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில் எண்ணைச் சொன்னதும் பெட்டியை எடுத்து வைத்தார்கள். சக்கரத்து ரப்பர் பட்டையையும் மாற்றினேன். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை ஐந்நூறு மீற்றர்கூட இல்லை; உப்புக் காற்றில் வெறும் இரும்பு ஒரே மழைக்காலத்தில் செம்பட்டையாகிவிடும். ஆகவே மேசையை மண்ணெண்ணெயும் இரும்புப் பஞ்சும் கொண்டு தேய்த்து, மெழுகு பூசி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பூசுகிறேன். மோட்டர் ஒற்றைக் கட்டம், அந்தக் கொட்டிலிலேயே செருகி ஓட்டிக் காட்டினார். எல்லாச் செலவும் சேர்ந்து புதியதன் விலையில் பாதியைச் சற்றுத் தாண்டியது. அதற்குக் கிடைத்ததோ புதியதைவிடக் கனமான இயந்திரம். சென்ற மாதம் ஒன்பது அங்குல உயரமான பலாக் கட்டையை அதில் பிளந்தேன். வாள் ஒரு நூல்கூட விலகவில்லை.

வட்டவாள் மேசையை மட்டும் பழையதாக வாங்குவதில்லை என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் பணமோ துல்லியமோ அல்ல. பத்து அங்குல வாள் நிமிடத்துக்கு 3,500 சுற்று ஓடும்போது அதன் பல்நுனி விநாடிக்கு 46 மீற்றருக்கு மேல் விரைகிறது, அதாவது மணிக்கு 165 கிலோமீற்றருக்கும் அதிகமாக. வெட்டப்பட்ட பலகை உள்ளிறுக்கத்தால் மீண்டும் மூடிக்கொண்டு வாளின் பின்பக்கத்தைக் கவ்வினால், மேலேறி வரும் பின்பற்கள் அதைத் தூக்கி, தள்ளிக்கொண்டிருப்பவரின் வயிற்றை நோக்கி அந்த வேகத்தில் எறியும். வெட்டு மூடாமல் தடுப்பதற்கு வாளுக்குப் பின்னால், வாளோடு சேர்ந்து ஏறி இறங்கும்படி ஒரு பிளவுத் தகடு பொருத்தப்படுகிறது. நான் பார்த்த பழைய மேசைகள் ஏழில், அந்தத் தகடும் மேலுறையும் சேர்ந்து இருந்தது ஒன்றில்கூட இல்லை. சிலவற்றில் அதற்கான இடமே இல்லாத பழைய அமைப்பு. மற்றவற்றில் வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றி எறியப்பட்டு, இப்போது தேடினாலும் கிடைக்காத நிலை. மாமாவின் இடதுகைச் சுட்டுவிரல் நடு மூட்டோடு முடிகிறது. அதற்கு மேல் எனக்குக் காரணம் தேவைப்படவில்லை. கையிலிருந்த பணத்தின் பெரும் பங்கைக் கொடுத்து, பிளவுத் தகடும் உறையும் உடனே நிறுத்தும் பெரிய பொத்தானும் உள்ள புதிய மேசையை வாங்கினேன். அதன் மேசைத் தட்டு அலுமினியம்தான், பழைய வார்ப்பிரும்புக்கு ஈடாகாது, மோட்டரும் பிரஷ் மோட்டர் என்பதால் இரைச்சல் அதிகம். அந்தக் குறைகளை ஏற்றுக்கொண்டே வாங்கினேன்.

பற்றரியில் இயங்கும் கைக்கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. லித்தியம் பற்றரி பாவிக்காமல் வைத்திருந்தாலும் மூப்படைகிறது, உள்ளே எவ்வளவு மீதம் என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை; ஆகவே புதிது, அதுவும் முகவரிடமிருந்து.

பழையதைத் தேடுவதன் விலையை எழுதும்போது பலரும் விட்டுவிடும் ஒரு செலவை நான் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். பட்டி வாள் கிடைக்கும் வரை பதினொரு சனிக்கிழமைகள் சென்றன. விளம்பரத்தில் இருந்த படத்தை நம்பிப் பாணந்துறை வரை போய், இயந்திரம் முந்தின நாளே விற்பனையான செய்தியோடு திரும்பியது இரண்டு முறை. வாசலிலேயே துருவைக் கண்டு திரும்பியது மூன்று முறை. மாதச் சம்பளத்துக்கு வேறு வேலை இருந்து, மரவேலையை விருப்பத்துக்குச் செய்கிறவருக்கு இந்த அலைச்சல் சுமையாகத் தெரியாது. ஒவ்வொரு பட்டறையிலும் ஏதாவது கற்றுக்கொண்டு திரும்பலாம், நானும் கற்றுக்கொண்டேன். ஆனால் இந்த வேலையிலேயே சாப்பிடுகிறவர், முன்பணம் வாங்கிய கட்டளை கையில் இருக்கும்போது பதினொரு சனிக்கிழமையைக் கொடுத்து மிச்சம் பிடிப்பது உண்மையில் மிச்சமா என்பதைத் தன் நாட்கூலியால் பெருக்கிப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் என்னிடம் கேட்டால், தினமும் தொடும் இயந்திரத்தைப் புதிதாக வாங்குங்கள், இல்லாமலும் சில மாதம் சமாளிக்கக்கூடியதைப் பழையதாகத் தேடுங்கள் என்றே சொல்வேன். சமாளிக்க முடிகிறவருக்குத்தான் பேரம் படிகிறது. அவசரத்தில் போனவனுக்கு என்ன நடந்தது என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

புதியது எல்லாம் குறையற்றது என்ற எண்ணமும் எனக்கு இல்லை. விலைமலிவாக வரும் சில புதிய இயந்திரங்களின் மேசையை நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தபோது, நாற்பது வருடப் பழைய வார்ப்பைவிட மோசமாக இருந்தது. ஆகவே கடைக்குப் போகும்போதும் அதே நேர்ச்சட்டத்தையும் தகடுகளையும் கொண்டு போகிறேன். பெரும்பாலான கடைக்காரர்கள் அளக்க விடுகிறார்கள். உதிரிக் கத்தி, கார்பன் பிரஷ், பெல்ட் ஆகிய மூன்றும் அந்தக் கடையில் அன்றைக்கே இருக்கிறதா என்று கேட்பதும் என் வழக்கமாகிவிட்டது. 2022 இல் இறக்குமதி தடைப்பட்டபோது ஒரு சோடிக் கத்திக்காக இயந்திரத்தை மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். தேக்கு மரத்தில் சிலிக்கா உண்டு, கத்தியின் கூர் அதில் விரைவாக மழுங்கும். தேக்கில் வேலை செய்கிறவருக்குக் கத்தி கிடைக்காவிட்டால் புதியதும் ஒன்றுதான், பழையதும் ஒன்றுதான்.

நான்காவதான சேர்பஸ் பிளேனர் இன்னும் வரவில்லை. இதுவரை பலகையின் முதல் முகத்தை அப்பாவின் நீண்ட கைச் சீவுளியால்தான் நேராக்குகிறேன். ஒரு பலகைக்கு இருபது நிமிடம் ஆகிறது. இதைப் பழையதாகவே வாங்குவதென்று எண்ணியிருக்கிறேன், ஏனெனில் இதன் பெறுமதி முழுவதும் இரண்டு வார்ப்பு மேசைகளில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காவிட்டால் அதிலிருந்து நேரான பலகை ஒருபோதும் வராது. மேசை ஏறி இறங்கும் சரிவுப் பாதை தேய்ந்திருந்தால் அதைச் சரிசெய்யும் கைத்திறன் எனக்கு இல்லை. பிலியந்தலையில் ஒன்று இருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. மோட்டர்த் தகட்டின் படத்தை முதலில் அனுப்பச் சொல்லி வாசித்துவிட்டேன்: 230 வொல்ட், 50 ஹேர்ட்ஸ், ஒற்றைக் கட்டம். வருகிற சனிக்கிழமை மாமாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.